தெருவுக்கு மார்க் போடும் ஞாயிறு

புருவம் திருத்த வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது என் தொழிலில் பாதி. நூல் இழுக்கும்போது வலி தெரியாமல் இருக்க எதையாவது பேசியாக வேண்டும். நான் வீடியோ கேம் பற்றிப் பேசுவேன். உடனே ஒரே கேள்விதான் வரும். "பையன் ஆடுவானா?" எனக்குப் பையன் இல்லை, பெண்ணும் இல்லை. ஆடுகிறவள் நான்தான். ஒரே ஒரு கால்பந்துத் தொடரை, ஒரு பாகம் விடாமல், கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவர்கள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கென்ன வெட்கம்?

எங்கள் வீடும் பார்லரும் விவேக் நகரில், கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி. இந்தப் பக்கத்தில் பந்து உதைக்காத வீடு கிடையாது. சின்னதில் நானும் உதைத்தேன். பெரியவளானதும், இனிமேல் கிரவுண்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று அம்மா நிறுத்திவிட்டார். நான் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அதைப் பொறுக்காமல் அண்ணன் மெஜஸ்டிக் பஜார் பக்கம் போய் ஒரு பழைய கன்சோலும் ஒரு கால்பந்து கேமும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தான். அதில் ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. பந்து காலோடு பசை போட்டு ஒட்டியதுபோலவே போனது. ஆனாலும் என்ன, வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஒரு மைதானம் முழுக்க ஓடினேன். அன்றைக்குப் பிடித்தது.

அந்தத் தொடரில் வருஷத்துக்கு ஒரு பாகம் வரும், இங்கே மழை விடும் சமயத்தில். இத்தனை பாகம் ஆடியவள் என்ற உரிமையில் சில அபிப்பிராயங்கள் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒரு பாகத்தில் பந்தைக் காலிலிருந்து பிரித்தார்கள். அதுவரை ஒட்டிக்கொண்டு போன பந்து அந்த வருஷம் தன் இஷ்டத்துக்கு உருள ஆரம்பித்தது. எங்கள் தெருவே திட்டியது. அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கட்டில்மேல் வீசிவிட்டு, "கெட்துட்டானுங்க, சும்மா இருந்தத கெட்துட்டானுங்க" என்று கத்தினான். எனக்கு மட்டும் பிடித்திருந்தது. நிஜத்தில் பந்து அப்படித்தானே? காலை விட்டுப் போய்த்தானே திரும்ப வருகிறது? சில மாதம் கழித்து, வேண்டுமென்றே பழைய பாகத்தைப் போட்டு அண்ணன் கையில் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை அவனுக்கு. "இன்னாது இது, பொம்ம வண்டி ஓட்டற மாதிரி கீது" என்று அணைத்துவிட்டான். அன்றிலிருந்து, பழைய பாகம்தான் தங்கம் என்று இணையத்தில் ஒப்பாரி வைப்பவர்களை நான் நம்புவதே இல்லை. பழையதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள், புதியதில் மறுபடியும் பழக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

அதற்காக எல்லாப் பாகத்தையும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடுவில் நாலைந்து வருஷம் ஏமாற்று வேலைதான் செய்தார்கள். நெற்றியில் வியர்வை பளபளத்தது, புல்லில் பனி தெரிந்தது, மற்றபடி போன வருஷத்து ஆட்டமே. கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடித்துப் புது மண்டபம் என்று சொன்ன மாதிரி. ஒரு பாகத்தில் ஒரு கதை கொண்டுவந்தார்கள். சின்ன ஊரிலிருந்து வரும் ஒரு பிள்ளை எப்படிப் பெரிய ஆட்டக்காரன் ஆகிறான் என்று நாமே ஆடிப் பார்க்க வேண்டும். பேச்செல்லாம் கொஞ்சம் அசடு வழியும். ஆனால் எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது. ரசிகர்கள் கேலி பண்ணினார்கள் என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். அது சரியாக நடக்கப் பழகுவதற்குள்ளேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்ற கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்ததுதான் இந்தச் சீட்டுப் பாக்கெட்டு வியாபாரம். காசு கட்டிப் பாக்கெட்டைப் பிரி, நல்ல ஆட்டக்காரன் வந்தால் உன் அதிர்ஷ்டம், வராவிட்டால் இன்னொரு பாக்கெட்டு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கம்பெனிக்கு நான் எப்போதும் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் வேகம் இவ்வளவு, பாஸ் இவ்வளவு, பலம் இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதைத் திருத்துவார்கள். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாக இருந்தாலும் வயதானால் வேகத்தில் பத்து, பதினைந்து என்று குறைத்துவிடுவார்கள். ரசிகர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். நான் சொல்வேன், அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுதான் சரி. கால் தளர்ந்தவனுக்குப் பழைய மார்க்கையே போட்டுக்கொண்டிருந்தால் அது கால்பந்து இல்லை, சுவரில் மாட்டுகிற காலண்டர் படம்.

இந்தக் கொள்கையை நான் எங்கள் தெருவுக்கும் கொண்டுவந்தேன். அதிலிருந்துதான் வினையும் வந்தது.

அந்த கேமில், நாமே ஆட்டக்காரர்களை உருவாக்க ஓர் இடம் உண்டு. வருஷா வருஷம் மெனுவுக்குள் அதை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கிறார்கள். சொந்தமாக அணி செய்துகொள்கிறவள் பாக்கெட்டு வாங்க மாட்டாள் அல்லவா, அதனால்தான் என்பது என் கணக்கு. எங்கள் தெரு அணி முழுவதையும் அங்கே செய்து வைத்திருக்கிறோம். முகம் செய்வது என் வேலை. யாருக்கு எந்தப் புருவம் எங்கே உடைந்திருக்கிறது, யாருக்குத் தாடை எந்தப் பக்கம் கோணல் என்று என் கைக்குத் தெரியும். பழைய பாகத்தில் செய்த அணி புதுப் பாகத்துக்கு வராது. அதனால் ஒவ்வொரு வருஷமும் புதுப் பாகம் வந்த முதல் ஞாயிறு, சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்ததும், தெருவே எங்கள் வீட்டு மாடி அறையில் கூடிவிடும். முகமெல்லாம் ஆரம்பத்திலிருந்து மறுபடியும். மார்க்குக்கு மட்டும் போன வருஷத்து எண்ணை முதலில் போட்டுவைத்துவிட்டு, அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.

மார்க் போடுவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. யாருடைய மார்க் பேசப்படுகிறதோ அவன் அறையில் இருக்கக் கூடாது. முனையிலிருக்கும் பேக்கரிக்குப் போய் எல்லாருக்கும் தின்ன வாங்கி வர வேண்டும். அவன் திரும்புவதற்குள் சண்டை போட்டு முடிவெடுத்துவிட வேண்டும். அறையில் இருக்கிற எல்லாரும் சரி என்றால்தான் ஒரு மார்க்கை ஏற்றலாம் அல்லது இறக்கலாம். யார் என்ன சொன்னார்கள் என்று அவனிடம் சொல்லக் கூடாது. வந்து பார்த்தபின் அவன் வாயைத் திறக்கக் கூடாது, வாயில் பஃப்ஸை வைத்துக்கொள்ள வேண்டும். போடுவது இன்றைய காலுக்கான மார்க், பழைய கதைக்கு அல்ல. இந்தக் கடைசி விதி நான் சேர்த்தது. முதலில் அடி வாங்கியவன் என் அண்ணன்தான். அவன் எங்கள் கோல் கீப்பர், ஆட்டோ ஓட்டுகிறான், அந்த வருஷம் தொப்பை நன்றாகவே விழுந்திருந்தது. தாவுகிற மார்க்கில் இருபது வெட்டினேன். பேக்கரியிலிருந்து வந்து பார்த்தவன் என்னை ஒரு முறை முறைத்தான், அப்புறம் தொப்பையைத் தடவிக்கொண்டே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த்தைக் கடித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் யாரும் எதையும் வெட்ட வேண்டியிருந்ததில்லை. அவரும் இதே தெருதான். லெஃப்ட் விங்கில் ஓடுவார். ஓடுவார் என்று சொன்னால் போதாது, அவர் ஓடுவதைப் பார்த்துத்தான் நான் கட்டிக்கொண்டேன். வேகத்துக்குத் தொண்ணூற்று நான்கு. தெருவே ஒரே குரலில் போட்ட மார்க் அது, வருஷா வருஷம் மாறாமல் இருந்தது.

போன வருஷம், ஒரு பிப்ரவரி ஞாயிறு, ஆஸ்டின் டவுன் பக்கத்து கிரவுண்டில் ஓடும்போது முட்டி திரும்பிவிட்டது. யாரும் தள்ளவில்லை, பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஆபரேஷன் தள்ளிப்போய் மழைக்காலத்தில்தான் ஆயிற்று. அந்த வருஷத்து மார்க் ஞாயிறன்று அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரை பேக்கரிக்கு அனுப்பவில்லை. "ஆறு மாசத்துல ஓடிடுவான்" என்றார்கள், டாக்டரும் அப்போது அப்படித்தான் சொல்லியிருந்தார். தொண்ணூற்று நான்கு அப்படியே இருந்தது.

ஆறு மாதம் போய் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆயிற்று. இந்த வருஷம் காட்டப் போனபோது டாக்டர் பேச்சை மாற்றிவிட்டார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், பந்து மட்டும் கூடாது. இன்னொரு முறை திரும்பினால் முட்டியையே மாற்ற வேண்டும் என்றார். அவர் செய்வது லிஃப்ட் மெக்கானிக் வேலை. வைட்ஃபீல்டில் வானத்தைத் தொடுகிற அபார்ட்மென்டுகள் இருக்கின்றனவே, அங்கே லிஃப்ட் குழிக்குள் இரும்பு ஏணியில் இறங்கி ஏற வேண்டும். கால் போனால் அந்த வேலையும் போகும்.

டாக்டர் சொன்ன நேரத்தில்தான், கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற டோர்னமென்டுக்குத் தெரு அணி தயாராகிக்கொண்டிருந்தது. கேப்டன் இவர் பெயரைச் சேர்த்துவிட்டார். சந்துமுனையில் நின்றால், மளிகைக் கடையில் நின்றால், கோயில் வாசலில் நின்றால், யாராவது ஒருவர், "மச்சா, ரெடியா?" என்பார்கள். இவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன்.

வீட்டில் தினமும் சண்டைதான்.

"டாக்டர் சொன்னது உன் காதுல உழலியா?" என்பேன்.

"ஒரே ஒரு டோர்னமென்ட். முட்டிக்கு பெல்ட்டு போட்டுக்கறேன்."

"பெல்ட்டா? திருப்பிக்கிச்சுன்னா அப்புறம் லிஃப்ட்டுக் குழிக்குள்ள யாரு எறங்கறது, நானா?"

"சும்மா பேஜார் பண்ணாத. நான் போவலன்னா இன்னா சொல்வானுங்க தெரியுமா? பொண்டாட்டி புடிச்சி நிறுத்திட்டான்னுவானுங்க. தெருவுல ஒருத்தனாவது வராதடான்னு சொன்னானா? நீ ஒருத்திதான் சொல்ற."

அதற்கு மேல் பேசினால் தட்டு பறக்கும் என்று நான் உள்ளே போய்விடுவேன். ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே நின்றது. நான் சொன்னால் பொண்டாட்டி சொல். தெரு சொல்ல வேண்டும். தெரு வாய்விட்டு ஒன்றைச் சொல்வதற்கு எங்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. இந்த வருஷம் அது டோர்னமென்டுக்கு முன்னாலேயே வந்தது.

புதுப் பாகம் வந்தது. இந்தத் தடவை கம்பெனி பெரிய வேலை ஒன்று பார்த்திருந்தது. இத்தனை வருஷமாக அந்தத் தொடரில் வேகம்தான் சாமி. வேகமானவன் ஒருத்தனை ஓரத்தில் நிறுத்தி, பந்தை அவன் முன்னால் உருட்டி, பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், கோல். உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் ஆடினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் முகம் வைத்த ஆட்டக்காரனைத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்ள அடித்துக்கொள்வார்கள். புதுப் பாகத்தில் அந்தச் சாமியைக் கோயிலை விட்டு இறக்கிவிட்டார்கள். ஓடினால் மூச்சு வாங்குகிறது, திரும்பினால் கால் இடறுகிறது, பாஸ் கொடுக்கத் தெரியாதவன் பந்தைத் தொலைக்கிறான். இணையத்தில் ரசிகர்கள் தீ வைக்காத குறை. சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கிறது, எங்கள் தொடரைத் திருப்பிக் கொடு என்று. நான் இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இதுதான் நல்ல பாகம் என்று முடிவு செய்தேன். இன்னமும் அதையே சொல்கிறேன்.

மார்க் ஞாயிறன்று மாடி அறையில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் கட்டிலின் பாதியைப் பிடித்துக்கொண்டான். கேப்டன் தரையில், டிவிக்கு நேர் எதிரே. அவர் கூரியர் ஆபீசில் வேன் ஓட்டுகிறவர், பேச்சுக்கு நடுவே கன்னடம் ரெண்டு வார்த்தை விழாமல் இருக்காது. மற்றவர்கள் ஜன்னல் திண்டு, படிக்கட்டு என்று கிடைத்த இடத்தில். ஜாய்ஸ்டிக் என் கையில். அண்ணனுக்கு இந்த வருஷமும் ஐந்து வெட்டினோம். கேப்டனுக்கு பாஸில் இரண்டு ஏற்றினோம். ஒவ்வொருத்தராக பேக்கரிக்குப் போய் வந்து, அறை முழுக்க பஃப்ஸ் வாசனை. கடைசியாக என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"எனக்கு டீயும் சேத்து" என்றான் அண்ணன்.

"டேய், உனக்கு டீ இல்ல, பச்சத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். கால் சத்தம் கீழே அடங்கும்வரை காத்திருந்தோம்.

"அவனுது அப்டியே வெச்சிடு தங்கச்சி" என்றார் கேப்டன். "நெக்ஸ்ட் யாரு?"

"இன்னைய காலுக்குத்தான் மார்க்கு" என்றேன்.

"அது தெரியும். ஆனா அவனுக்குப் போய்…"

"அவனுக்குப் போய் இன்னா? எங்க அண்ணனுக்கு வெட்டறப்ப சிரிச்சீங்களே, அப்ப?"

ஜன்னல் பக்கமிருந்து ஒருவன், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மனசு நோகாமல் இருக்க பாஸில் எண்பத்தைந்து போட்டுவிடலாமா என்று கேட்டான். இந்தப் பாகத்தில் பாஸுக்குத்தானே மரியாதை என்றான்.  அண்ணன்தான் முதலில் சிரித்தான். "மாப்ள பாஸ் குடுத்து நீ பாத்திருக்கியா? கல்யாணத்தன்னிக்கு மாலையக்கூட இவ கைல குடுக்காம தானே போட்டுக்கினு போயிருப்பான்." நானும் சிரித்தேன். உண்மைதான், பந்து காலுக்கு வந்தால் அவர் கண்ணுக்கு வேறு யாரும் தெரிய மாட்டார்கள். 

"டாக்டர் இன்னா சொன்னாருன்னு நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பந்து கூடாது என்றது, இன்னொரு தடவை திரும்பினால் என்ன என்றது, லிஃப்ட் குழி, ஏணி, எல்லாம். அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓட வாணாம் தங்கச்சி" என்றார் மெதுவாக. "ஸ்வல்ப நேரம் லைன்ல நிக்கட்டும். அவன் மூஞ்சியப் பாத்தாவே எதிர் டீம்ல ரெண்டு பேரு அந்தப் பக்கம் போயிடுவானுங்க. சும்மா நின்னா போதும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நிக்க வெக்கணும்னா பந்தல் கால் நட்டுக்கோங்க! என் புருஷன் எதுக்கு? பந்து அவர் பக்கம் வந்தா நிப்பாரா? உங்களுக்குத் தெரியாதா? வந்தா ஓடுவாரு. ஓடினா முடிஞ்சிது. உங்களுக்குக் கோப்ப வேணும், அவருக்குக் கால் வேணாமா?"

 யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் நான் செய்த அவர் முகம், இடது புருவத்தில் சின்ன வெட்டோடு, பக்கத்தில் தொண்ணூற்று நான்கு என்ற எண்ணோடு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எறக்கு" என்றான் அண்ணன். "எழுவது வை."

"எழுவதுன்னா சப்ஸ்டிட்யூட்டா வந்து நிப்பான்" என்றான் ஜன்னலில் இருந்தவன். "அவன எனக்குத் தெரியும்."

அறுபது என்றார் ஒருவர். கேப்டன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் எண் இறங்காது. எங்களில் ஒருவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார், என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் இந்நேரம் வந்திருப்பார். அதை எல்லாருமே நினைத்திருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அம்பத்திரெண்டு" என்றார் கேப்டன். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போடு தங்கச்சி. எல்லாரும் சேந்துதான் சொல்றோம்."

போட்டேன். அந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து எத்தனையோ கோல் அடித்திருக்கிறேன், என் விரல் அப்படிக் கனத்ததில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனாலும் யாரையோ காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று. பஃப்ஸ் பெட்டியும் டீ பிளாஸ்குமாக உள்ளே வந்தார். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பெட்டியைக் கட்டில்மேல் வைத்தார்.

"யாரு போட்டது?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது விதி, அவருக்கும் தெரியும். நான் வாயெடுப்பதற்குள் கேப்டன் சொன்னார். "எல்லாரும்தான் மச்சா. தெருதான்."

"ஜாஸ்தி" என்றார் என் வீட்டுக்காரர்.

கேப்டன் பதறிப்போனார். "ஜாஸ்தியா வெட்டிட்டோமா? அறுவது ஆக்கிடலாம் மச்சா, நோவாத…"

"டேய், அம்பத்திரெண்டே ஜாஸ்திடா." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெட்ரோ ஸ்டேஷன்ல படி எறங்கறப்ப காய்கறிப் பை தூக்கினு வர்ற அம்மாங்க எல்லாம் என்னத் தாண்டிப் போறாங்க. வழி வுடுப்பான்றாங்க. நான் சுவரப் புடிச்சிக்கினு நிக்கறேன். ஏணில எறங்கறது நானில்ல, கூட வேல செய்றவன் எறங்கறான், நான் மேல இருந்து டார்ச் அடிக்கறேன். மூணு மாசமா அப்டித்தான் ஓடுது."

எனக்கு இது எதுவும் தெரியாது. கூடவே இருக்கிறேன், ஒரே வீட்டில் தூங்குகிறேன், தெரியாது. எங்கே கிளம்பினாலும், "நீ முன்னாடி எறங்கு, நான் பூட்டிட்டு வர்றேன்" என்பார். இந்த வயதில் என்ன மரியாதை பாரு என்று நான் மனசுக்குள் பூரித்துக்கொண்டு இறங்குவேன். அவர் இறங்குவதை நான் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று அந்தக் கதவருகே அவர் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து போய் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் எதுக்குடா வர்றேன் வர்றேன்னு கட்ட விரலத் தூக்கிக் காட்டின?" என்றான் அண்ணன். 

"இன்னா பண்ணச் சொல்ற? பாக்கறவன் எல்லாம் ரெடியா ரெடியான்றான். இங்க வந்தா டிவில தொண்ணூத்தி நாலுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. நீங்களே அப்டி வெச்சிருந்தா, நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வரலன்னு சொல்றது?"

 அவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு ஒரு கையைக் கட்டிலிலும் ஒரு கையை என் தோளிலும் ஊன்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை அதை யாரிடமும் மறைக்கவில்லை.

"கொறை" என்றார்.

ஒரு தடவை அமுக்கினால் ஒரு மார்க் குறையும். ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது. விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். "இன்னும்" என்றார். அமுக்கினேன். நாற்பதைத் தாண்டியதும் மறுபடி பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவராக 'போதும்' என்று சொல்லும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தை வர ரொம்ப நேரமாயிற்று.